நாரந்தனை இரத்தம் மூன்று மடங்கு

கரம்பொனில் நல்ல தேத்தண்ணி கிடைக்கிற ஒரே இடம் அம்பலவாணர் சேரின் ஆய்வுகூடம் என்று ஆடி மாதத்தில் ஊருக்குள் பெயர் பரவியது. அங்கே என்ன ஆய்வு நடக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தேத்தண்ணி தெரியும்.

தீவுப் பக்கத்துத் தேத்தண்ணியில் எப்போதும் கொஞ்சம் கடல் இருக்கும். எவ்வளவு சீனி போட்டாலும் உவர்ப்பு அடியில் பதுங்கிக் கிடந்து கடைசி மிடறில் எழும்பி வரும். பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். முறை தவறினால் கிணறுதான் கதி. அப்படிப்பட்ட இடத்தில் உவர்ப்பின் வாடையே இல்லாத பிளேன்ரீ ஒரு வீட்டில் கிடைக்கிறதென்றால் சனம் ஏதாவது சாட்டுச் சொல்லி வரத்தான் செய்யும். இரத்தம் கொடுக்கக்கூட வந்தார்கள்.

இரத்தம் கம்சிகாவுக்குத் தேவைப்பட்டது.

கம்சிகா கரம்பொன்காரி, உயிரியல் பட்டதாரி, சேரின் ஒரே ஆய்வு உதவியாளர். யாராவது கதை கொடுத்தால் நிலத்தைப் பார்ப்பாள். நிலத்தையும் பார்க்க முடியாத இடத்தில் தன் நகத்தைப் பார்ப்பாள். அம்பலவாணர் சேரோ நோர்வேயில் நாற்பது வருசம் படிப்பித்து, ஓய்வு பெற்று, பிள்ளைகள் யாரும் வேண்டாமென்ற பரம்பரை வீட்டில் ஒரு கொள்கலன் நிறையப் பழைய கருவிகளுடன் வந்து இறங்கியவர். அந்த வீட்டில் அசையாத நிலம் சாமியறையில்தான் இருந்தது. ஆகவே நுணுக்குக்காட்டி சாமியறைக்குப் போனது, சாமிகள் குசினிக்கு இடம்பெயர்ந்தார்கள். இடம்பெயர்வது இந்தத் தீவில் யாருக்கும் புதிதில்லை என்பதால் சாமிகளும் வாய் திறக்கவில்லை. சமையல் பார்க்கிற யோகம்மாவுக்குத்தான் வசதி. முன்பு முறைப்பாடு சொல்ல நடக்க வேண்டியிருந்தது. இப்போது அடுப்படியில் நின்றபடியே சொல்லலாம்.

அந்த முன்னாள் சாமியறையில் கம்சிகா அளந்துகொண்டிருந்தது கொலைகாரர்களின் கைப்பலத்தை.

இரத்தத்தில் இருக்கிற வெள்ளையணுக்களில் ஒரு வகைக்குக் கொல்வதுதான் தொழில். வைரசு புகுந்த கலமோ புற்றுநோய்க் கலமோ எதிர்ப்பட்டால் அது போய் ஒட்டிக்கொள்ளும். இழுக்கும், அழுத்தும், பிசையும். அப்படி இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டை போட்டு நஞ்சை உள்ளே விடும். அந்த இழுப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒரு நுளம்பு கையில் குந்தினால் அதன் பாரம் இந்த இழுப்பைப் போலப் பல ஆயிரம் மடங்கு வரும். அதை அளக்கிற தராசு கிடையாது. ஆகவே ஏமாற்றித்தான் அளக்க வேண்டும்.

ஏமாற்று வேலை இப்படி. மெல்லிய ஜெல் ஒன்றைச் செய்து, அதற்குள் ஒளிரும் நுண்மணிகளைக் கலந்து, மேலே எதிரியின் வேசத்தைப் பூச வேண்டும். கொலைகாரக் கலம் வந்து ஜெல்லைக் கட்டிப்பிடித்துக் கொல்லப் பார்க்கும். ஜெல் சாகாது, மணிகள் இடம் விலகும். மணி எவ்வளவு விலகியது, ஜெல் எவ்வளவு இறுக்கமானது என்ற இரண்டும் தெரிந்தால் கணினி விசையைச் சொல்லிவிடும். மெத்தையில் விழுந்த குழியைப் பார்த்துப் படுத்தவரின் எடையைச் சொல்வது போலத்தான். மெத்தை எந்த மெத்தை என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கம்சிகாவுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. கலங்கள் அவளை ஒன்றும் கேட்பதில்லை.

இரத்தம் தந்தவர்களின் பெயரை எழுதக்கூடாது, இலக்கம் மட்டும்தான் என்பது விதி. ஆனால் முதலில் கரம்பொன்காரர் வந்து முடிந்து, பிறகு பக்கத்து ஊர் நாரந்தனைக்காரர் வந்தார்கள் என்பதை மறைக்க எந்த விதியாலும் ஏலாது. அவர்களை வான் வண்டியில் ஏற்றி இறக்கியவன் தயாபரன். ஆய்வுகூடத்துச் சாரதி, மின்வேலைக்காரன், ஒலிபரப்பு நிலையம் எல்லாம் அவன்தான்.

முடிவு வந்தது. கரம்பொன் கலங்கள் உலகத்துக் கலங்களைப் போலவே இழுத்தன. நாரந்தனைக் கலங்கள் அதைப் போல மூன்று மடங்கு இழுத்தன.

சேர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "கம்சிகா, இது சும்மா விசயமில்லை. ஒரே தீவு, ஒரே வெயில், ஒரே மீன். ஆனா மூண்டு மடங்கு!" அன்றைக்கே சுருக்கம் எழுதி நோர்வேயிலிருக்கிற தன் பழைய ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். அங்கே கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு ஓரிடம் காலியாக இருந்தது. கம்சிகா வெள்ளிக்கிழமை இணையவழியாக இந்த முடிவை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிடித்துக்கொண்டால் இடம் அவளுக்கு.

பிடிக்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. ஊர்காவற்றுறையில் ஒரு ரியூசன் கொட்டிலில் பதினோராம் வகுப்புக்கு விஞ்ஞானம். ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் தினமும் நின்று கதைக்கிற வேலை.

இதற்கிடையில் தயாபரன் ஒலிபரப்பிவிட்டான். இரண்டு நாளில் நாரந்தனைச் சந்தியில் பதாகை ஏறியது. சீறிப் பாயும் காளை ஒன்று, அதன் கொம்புகளுக்கு நடுவில் விளையாட்டுக் கழகத் தலைவர் பிலிப்புவின் படம். கீழே: "மூன்று மடங்கு வீரியம் கொண்ட எம் மண்ணின் குருதிக்கு வாழ்த்துகள்." கரப்பந்துப் போட்டியில் கரம்பொன் தோற்றபோது நடுவரே, "பிறகென்ன, இரத்தம் அப்பிடி," என்றாராம். கரம்பொன்காரர் தங்களிடம் வெறும் வயிற்றில் எடுத்தது செல்லாது என்று வாதாடினார்கள். ஒரு கலியாணப் பேச்சில் சாதகத்தோடு சேர்த்துக் கலத்தின் இழுவையையும் கேட்டார்கள் என்று கேள்வி.

புதன்கிழமை பின்னேரம் பிலிப்பு நேரிலேயே வந்தார். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு அழைப்பு. சேருக்குப் பொன்னாடை, கம்சிகாவுக்குக் கேடயம். சேர் குளித்துக்கொண்டிருந்ததால் விறாந்தையில் கம்சிகாதான் அகப்பட்டாள்.

"தங்கச்சி, உங்கட மிசின் பொய் சொல்லாதுதானே?"

"மிசின் சொல்லாது அண்ணை," என்று அவள் நிலத்துக்குச் சொன்னாள்.

"அது காணும். இஞ்சை பாரும், ஊர் பேதம் பாக்கிறதெண்டு நான் கொள்கைக்கே எதிர். ஆனா இரத்தமே சொன்னா நாங்கள் என்ன செய்யிறது?"

யோகம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பிலிப்பு ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது.

"இதைத்தான் நான் அண்டைக்கும் சொன்னனான். கரம்பொன்காரர் இரத்தம் தரேக்கை தேன் மாதிரித் தேத்தண்ணியாம். ஊர் முழுக்க அதுதான் கதை. நாங்கள் வரேக்கை மட்டும் உப்பு! கடைசியா வந்த எங்கட பெடியன் ஒருத்தன் ஓங்காளிச்சுச் சத்தியே எடுத்தவன். சரி, போகட்டும். உப்புத் தேத்தண்ணி தந்தும் எங்கட இரத்தம்தானே வெண்டது!"

சிரித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கம்சிகா தன் கோப்பையை எடுத்துக் குடித்துப் பார்த்தாள். இரண்டாம் மிடறைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். உப்புத்தான். தினமும் குடிக்கிற நாக்குக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்திருந்ததால் தெரியாமல் போயிருந்தது.

அவள் குசினிக்குப் போனாள்.

"யோகம்மாக்கா, தேத்தண்ணிக்கு எந்தத் தண்ணி எடுக்கிறனீங்கள்?"

"ஏன், வாயிலை வைக்க ஏலாமல் கிடக்கோ? எனக்கும் விளங்கேல்லைப் பிள்ளை. ஆடிக்குள்ளை என்ன மாதிரி இருந்தது. அதே தண்ணிதான், உன்ர அறை மூலையிலை நிக்கிற நீலக் கான்."

நீலக் கானில் இருந்தது காய்ச்சி வடித்த நீர். ஜெல் செய்யவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கி வந்தது. ஒரு தடவைக்குக் கரண்டிக் கணக்கில்தான் எடுப்பாள். ஒரு கான் ஒரு வருசத்துக்குக் காணும்.

"அது... குடிக்கிற தண்ணியில்லையே, அக்கா."

"தயாபரனைக் கேட்டுப்போட்டுத்தான் எடுத்தனான். உலகத்திலை இதை விடச் சுத்தமான தண்ணி இல்லையெண்டான். பற்றரிக்குக்கூட இதைத்தான் ஊத்துறதாம். சேர் வெளிநாட்டிலை நல்ல தண்ணி குடிச்சுப் பழகின மனுசன். அந்த ஆளுக்கு நான் கிணத்துத் தண்ணியிலை போட்டுக் குடுக்கிறதே?"

"எவ்வளவு எடுத்தனீங்கள்?"

"காலமை ஒரு கேத்தில், பின்னேரம் ஒரு கேத்தில். ஆக்கள் வந்தா மேலாலை." யோகம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். "ஏன் அப்பிடிப் பாக்கிறாய்? நான் ஒண்டும் களவெடுக்கேல்லை. எடுத்த கேத்திலுக்குக் கேத்தில், உடனுக்குடனை திருப்பி ஊத்தினனான். கிணத்துத் தண்ணியெண்டாலும் கொதிக்க வைச்சு, ஆற வைச்சு, வெள்ளைத் துணியிலை வடிச்சு. சாமியளைக் கேட்டுப் பார்."

சாமிகள் அடுப்புக்கு மேலே புகட்டிலிருந்து பார்த்தபடி இருந்தன. மறுக்கவில்லை.

தண்ணீர் இரவல் வாங்கினால் குடத்துக்குக் குடம் திருப்பிக் கொடுப்பது தீவில் மரியாதை. யோகம்மா மரியாதை தவறாதவள். நாள்தோறும் நல்ல தண்ணீர் போய், உவர் தண்ணீர் வந்து, கான் மட்டும் அட்சய பாத்திரம் போல ஒன்றரை மாதம் குறையாமல் நின்றிருக்கிறது. "தங்கச்சி எவ்வளவு சிக்கனம், கான் அப்பிடியே கிடக்கு," என்று தயாபரன் சேரிடம் புகழ்ந்ததும் கம்சிகாவின் நினைவுக்கு வந்தது. அப்போது அவள் வெட்கப்பட்டுச் சிரித்தும் இருந்தாள்.

அவள் சாமியறைக்கு ஓடினாள். முடிவுகளை ஊர்வாரியாகப் பிரித்து வைத்திருந்ததைக் கலைத்து, திகதிப்படி அடுக்கினாள். இரண்டு ஊரும் மறைந்து ஒரே கோடு வந்தது. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரைக்கும் மெதுவாக ஏறிக்கொண்டே போகிற கோடு. கரம்பொனின் கடைசி ஆளே அதில் பாதி நாரந்தனைக்காரராகியிருந்தார்.

பிறகு இரண்டு சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் ஜெல் செய்தாள். ஒன்று கான் தண்ணீரில். மற்றது தயாபரனின் வானில் பற்றரிக்கென்று கிடந்த உடைக்காத போத்தல் தண்ணீரில். இறுகியதும் சைக்கிள் பெயாரிங்கின் சின்ன இரும்புக் குண்டு ஒன்றை ஒவ்வொன்றின் மேலும் வைத்தாள். போத்தல் ஜெல்லில் குண்டு கொஞ்சம் பதிந்து நின்றது. கான் ஜெல்லில் அமிழ்ந்துகொண்டு போய் பாதிக்கு மேல் மறைந்தது. தண்ணீரிலிருந்த கண்டதும் கடியதும் ஜெல்லைச் சரியாக இறுக விடவில்லை. முதல் நாள் செய்த ஜெல்லுக்கு மட்டும் இறுக்கத்தை அளந்துவிட்டு, பிறகெல்லாம் அதே எண்ணைக் கணினிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

நாரந்தனைக் கலங்களுக்குப் பலம் ஒன்றும் கூடவில்லை. அடி வாங்கிய ஜெல்தான் சோனி.

சேர் அடுத்த நாள் பின்னேரம் விறாந்தையில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். கம்சிகா இரண்டு கிண்ணங்களையும் அவருக்கு முன்னால் வைத்தாள். விசயத்தை எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. முழுவதும் நிலத்தைப் பார்த்துச் சொன்னதாகத்தான் நினைவு.

சேர் குண்டுகளைப் பார்த்தார். பிறகு கோப்பையைப் பார்த்தார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் என்ர ஆராய்ச்சியைத்தான் குடிச்சிருக்கிறன்."

"ஓம் சேர்."

"நல்லாத்தான் இருந்தது." கோப்பையைத் தள்ளி வைத்தார். "சரி. இதை நீர் வெள்ளிக்கிழமை கதைக்க வேண்டாம்."

அவள் நிமிர்ந்தாள்.

"நான் சுருக்கம் அனுப்பியாச்சு. மூண்டு மடங்கெண்டு தலைப்பிலையே கிடக்கு. அந்த மூண்டு மடங்குக்காகத்தான் உமக்கு நேரம் தந்தவை. நீர் போய் 'அது தேத்தண்ணி' எண்டு சொன்னா உமக்கு ஆர் இடம் தாறது? இடத்தை எடும். அங்கை போய் ஆறுதலா இந்தப் பிழையைக் கண்டுபிடியும். அதையும் ஒரு கட்டுரையா எழுதலாம். ஒரு பிழைக்கு ரெண்டு கட்டுரை!"

"சேர்..."

"இன்னொண்டு. நீர் கரம்பொன். நாரந்தனை இரத்தம் சாதாரண இரத்தமெண்டு ஒரு கரம்பொன் பிள்ளை சொன்னா அவையள் தண்ணியெண்டு நம்புவினமோ, எரிச்சலெண்டு நம்புவினமோ? எனக்குப் பொன்னாடை வேற சொல்லியாச்சு."

கம்சிகா கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வாதாட அவளுக்கு வராது. வாதாட வந்திருந்தால் ரியூசன் கொட்டிலுக்கே சந்தோசமாகப் போயிருப்பாள்.

வெள்ளிக்கிழமை சாமியறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில், திரையில் பாதி தெரியும்படி, கோட்டுப் போட்ட சேர். திரையில் மூன்று வெள்ளைக்காரர். நடுவில் இருந்த பேராசிரியை நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தார், சிரிக்கவில்லை. தொடங்கலாம் என்றார்.

முதல் படம் வந்தது. தலைப்பில் மூன்று மடங்கு. கம்சிகா அந்தத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேர் மேசைக்குக் கீழே அவளது காலைத் தட்டினார். அவள் தன் நகத்தைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் கான் ஜெல்லின் ஒரு துளி காய்ந்து ஒட்டியிருந்தது.

அவள் எழும்பிப் போய் இரண்டு கிண்ணங்களையும் எடுத்து வந்து கமராவுக்கு முன்னால் வைத்தாள். ஒரு குண்டை வைத்தாள். மற்றதை வைத்தாள். திரையில் மூன்று தலையும் கிட்ட வந்தன. ஒரு குண்டு நின்றது. மற்றது மூழ்கியது.

"இரண்டும் ஒரே செய்முறை," என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். அவள் அவர்களிடம் சொல்லவில்லை, குண்டுகளிடம் சொன்னாள், அதனால் வந்துவிட்டது. "தண்ணீர் வேறு. நாங்கள் அனுப்பிய மூன்று மடங்கு பிழை. கலங்கள் பலமானவை இல்லை. ஜெல்தான் மென்மையானது. நான் இறுக்கத்தை ஒரு தரம்தான் அளந்தேன்."

சேர் இருமினார். இருமிக்கொண்டே திரையிலிருந்து மெல்ல வெளியே நகர்ந்தார்.

திகதிப்படி ஏறுகிற கோட்டைக் காட்டினாள். பேராசிரியை கேட்டார்: "தண்ணீர் மாறியதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

கம்சிகா யோசித்தாள். வேறு பதில் இருக்கவில்லை.

"தேநீர் உப்பாக இருந்தது."

கேத்தில் கதை முழுவதையும் சொல்ல வேண்டி வந்தது. ஓரத்திலிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பேராசிரியை மட்டும் சிரிக்காமல் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். அதில் சேரின் சுருக்கம். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி: ஜெல்லின் இறுக்கம் எந்தெந்த நாளில் அளக்கப்பட்டது?

"நாங்கள் இந்த ஒன்றைத்தான் கேட்க இருந்தோம்," என்றார். "பதில் இல்லாவிட்டால் அழைப்பை அதோடு முடிப்பதாகத் திட்டம்." ஒவ்வொரு நாளும் இறுக்கத்தை அளந்து, எல்லாவற்றையும் திரும்பச் செய்து அனுப்பச் சொன்னார். இடம் அதுவரை காலியாக இருக்கும்.

அழைப்பு முடிந்ததும் சேர் கதவடியில் நின்று எட்டிப் பார்த்தார். "இறுக்கத்தை நாள்தோறும் அளக்கச் சொல்லி நான் உமக்கு முதலே சொன்னனான், என்ன?"

"இல்லை சேர்," என்றாள் கம்சிகா. நேரே அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். சேருக்குப் பார்க்க நிலம் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை விழா நடக்கவில்லை. தயாபரன் அதையும் ஒலிபரப்பியிருந்தான். பிலிப்பு காலமையே வந்து இறங்கினார், முகம் கறுத்துப் போய்.

"தங்கச்சி, கரம்பொன்காரர் என்ன சொல்லித் தந்தவை?"

கம்சிகா கிண்ணங்களைக் கொண்டுவந்து அவர் கையிலேயே குண்டுகளைக் கொடுத்தாள். பிலிப்பு போட்டுப் பார்த்தார். எடுத்துத் துடைத்து இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். மூன்றாம் தடவைக்குப் பிறகு பெருமூச்சு விட்டார்.

"அப்ப எங்கட பெடியளின்ர கலமும் கரம்பொன்காரரின்ர மாதிரித்தானோ?"

"இனித்தான் தெரியும், அண்ணை. திரும்ப இரத்தம் வேணும். ரெண்டு ஊரும் ஒரே நாளிலை வர வேணும்."

"வருவம். ஆனா கரம்பொன்காரர் கொண்டுவாற தண்ணியிலை செய்ய விடமாட்டம்." அடுத்த நாள் சைக்கிள் கரியரில் ஒரு கான் வந்தது. நாரந்தனையில் இருக்கிற ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றுத் தண்ணீர். "நடுநிலையான தண்ணி," என்றார் பிலிப்பு.

கம்சிகா அதை நன்றி சொல்லி வாங்கி நேரே குசினிக்குக் கொடுத்தாள். காய்ச்சி வடித்த நீருக்குப் புதுக் கான் வந்தது. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தினமும் காலமை முதல் வேலை ஜெல்லில் குண்டு போட்டு இறுக்கம் பார்ப்பது. தேத்தண்ணி மறுபடி தேனாகிவிட்டதால் இரத்தம் கொடுக்க வரிசை நின்றது. பதாகை மட்டும் இறங்கவில்லை. "மூன்று மடங்கு" என்ற இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். காளையும் பிலிப்புவும் ஓட்டைக்கு மேலே தொடர்ந்து சீறிக்கொண்டிருந்தார்கள்.

முடிவு வந்தபோது இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் ஏமாந்தன. எல்லாருடைய கலமும் ஒரே அளவாகத்தான் இழுத்தது. நாரந்தனைக்கும் கரம்பொனுக்கும் இடையில் இருந்ததை விட, சோம்பேறிக் கலத்துக்கும் சுறுசுறுப்பான கலத்துக்கும் இடையில் ஒரே ஆளின் இரத்தத்துக்குள்ளேயே வித்தியாசம் கூட இருந்தது. ஒரு கிழமை கழித்து நோர்வேயிலிருந்து கடிதம் வந்தது. இடம் கம்சிகாவுக்கு.

அவள் அதை முதலில் குசினிக்குப் போய்ச் சொன்னாள். யோகம்மா கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, சாமிகளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு திரும்பி, முக்கியமான விசயத்தைக் கேட்டாள்.

"அங்கை தண்ணி எப்பிடியாம்?"

"பைப்பைத் திறந்தா நல்ல தண்ணிதானாம், அக்கா. எல்லா வீட்டிலையும்."

யோகம்மா நம்பவில்லை. "எதுக்கும் போன உடனை ஒரு தேத்தண்ணி போட்டுப் பார்," என்றாள்.